வரவேற்பறை மேசைக்கடியில் ஒரு தலைவர்

என் நாத்தனாரை, அவள் எனக்கு நாத்தனார் ஆவதற்கு முன்பே தெரியும். வினையே அங்கேதான் ஆரம்பம். இருவரும் ஒன்றாகத்தான் இந்த டேட்டா சென்டரில் வேலைக்குச் சேர்ந்தோம். வாடி போடி என்று பேசிக்கொண்டு, ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம். அவள்தான் ஒருநாள் தன் அண்ணனைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினாள். மருந்துக்கடை வைத்திருக்கிறார், அதிகம் பேச மாட்டார், பார்க்கவும் மோசமில்லை. நானும் தலையை ஆட்டிவைத்தேன். ஒரு நல்ல தோழியைக் கொடுத்துவிட்டு ஒரு நாத்தனாரை வாங்கிக்கொள்கிறோம் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆனால் பழைய 'நீ' போகவில்லை. "அண்ணி, நீ சாப்பிட்டியா?" என்பாள். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க' வரும். மற்ற வீடுகளில் மரியாதை கூடினால் நல்லது. எங்கள் வீட்டில் மரியாதை கூடினால் என் வீட்டுக்காரர் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

போன வாரத்திலிருந்து ஒரே 'நீங்க'தான்.

சண்டை எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் கட்டடத்தில் இரண்டு ஹால். முதல் ஹாலின் ஸ்விட்ச் என் பொறுப்பு, இரண்டாவது ஹாலின் ஸ்விட்ச் அவள் பொறுப்பு. ஸ்விட்ச் என்றதும் சுவரில் விளக்கு போடுகிற ஸ்விட்ச் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் மாமியார் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "எலக்ட்ரீஷியன் வேலைக்கு எதுக்கும்மா இவ்வளவு படிச்சீங்க?" என்று எங்கள் இருவரையும் சேர்த்தே கேட்கிறார். இது வேறு. கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஓடுகிற செய்திகளை வாங்கி, சரியான வாசலில் கொண்டுபோய் விடுகிற பெட்டி.

ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்று பெட்டிகளுக்கு நடுவே ஒன்றுக்கு இரண்டு வழி போட்டு வைப்போம். அதில் ஒரு ஆபத்து உண்டு. வழிகள் வட்டமாகச் சேர்ந்துவிட்டால், கிளம்பின செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்த ஆபீசும் மூச்சு முட்டிப் படுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்பேனிங் ட்ரீ என்கிற ஏற்பாடு. பெட்டிகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்குள் ஒன்றைத் தலைவராக ஏற்றுக்கொள்ளும். தலைவரிடம் போக ஆளுக்கு ஒரு வழி. வட்டம் போடுகிற மிச்ச வழிக்குத் தாழ்ப்பாள். எந்தப் பெட்டிக்குக் குறைந்த எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறோமோ அதுதான் தலைவர். எண் சமமாக இருந்தால், பிறக்கும்போதே பெட்டியில் எழுதின முகவரியைப் பார்க்கும். அது எதற்குச் சின்னதோ அதற்குப் பட்டம். அது அநேகமாக இருப்பதிலேயே கிழமாக இருக்கும்.

என் ஹால் பெட்டிதான் எப்போதும் தலைவர். போன வாரம் இவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் பெட்டியின் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டாள். அவளுடையது புதுசு, வேகமானது, அதுதான் தலைவராக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நியாயம்தான். நானே அடுத்த மாதம் அதைச் சொல்வதாக இருந்தேன். ஆனால் கேட்டிருக்க வேண்டாமா? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நானும் என்னுடையதைப் பூஜ்யமாக்கினேன். எண் சமம், என்னுடையது கிழம், தலைமை திரும்பவும் என்னிடம் வந்துவிட்டது. தலைமை கை மாறிய அந்த நேரத்தில் ஆபீசில் எல்லாம் ஒரு கணம் உறைந்துபோனது. மீட்டிங் அறையில் பெரிய முதலாளி வாடிக்கையாளர்களுக்கு முன்னால் திரையில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருக்கிறார்.

அதற்கு எங்கள் மேனேஜர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பொறுமை சார். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார், ஆனால் அவருக்குத்தான் அது இருக்காது. எங்கள் இருவரையும் அறைக்குள் விட்டுக் கிழித்தார். இனிமேல் ஒருத்தியின் பெட்டிக்குள் இன்னொருத்தி எட்டிக்கூடப் பார்க்க முடியாதபடி பாஸ்வேர்டுகளைப் பிரித்துவிட்டார். வெளியே காரிடாரில் வந்ததும் நாங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

"எல்லாத்துலயும் நீங்கதான் பெரியவங்களா இருக்கணும் உங்களுக்கு. வீட்டுலயும் சரி, இங்கயும் சரி," என்றாள்.

"ஆமா, அப்படித்தான். பிடிக்கலன்னா போயேன். வேற ஊர்ல புது சென்டர் திறக்கறாங்கல்ல, ஆள் கேக்கறாங்கல்ல? போ. அங்க நீயே தலைவியா இரு."

காரிடார் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். பொறுமை சாருக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "புது சென்டருக்கு நீங்க போறீங்களா? ரெண்டு வருஷம். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? சண்டையை விடுங்கள், யாரோடு சிரிப்பேன்? என் வீட்டுக்காரர் தங்கமானவர், ஆனால் எதைச் சொன்னாலும் "சரி" என்கிற மனிதரோடு எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? போகாதே என்று அவளிடம் சொல்லலாம். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வரும், அதற்கு மேல் வராது. போ என்று சொன்ன வாயால் எப்படி?

வீட்டில் இருவருக்கும் நடுவே செய்தி கொண்டுபோவது அவர்தான். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, வெந்நீர் போட்டிருக்கேன், குளிக்கணும்னா குளிக்கட்டும்" என்பேன். இரண்டு எட்டில் அவள் அறை. போய்ச் சொல்லிவிட்டு வருவார். "அண்ணிகிட்ட சொல்லு, எனக்குப் பச்சைத் தண்ணியே போதும்னு" என்று பதில் வரும். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கேபிள் போட்டா என்ன? என் காலு தேயுது" என்றார் அவர். இருவரும் சிரிக்கவில்லை. இரண்டு அறையிலும் தனித்தனியாகச் சிரித்தோம் என்று பிறகு தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை. சாயந்திரம் அவள் பதில் சொல்ல வேண்டிய நாள். அதே நாளில்தான் இரண்டு ஹாலுக்கும் நடுவே புது ஃபைபர் லிங்க் ஒன்றை உயிர்ப்பிக்க வேண்டும் என்று பொறுமை சார் நாள் குறித்து வைத்திருந்தார். கேபிள் ஏற்கெனவே இழுத்தாகிவிட்டது. கேபிள் வந்து சேருகிற வாசலான போர்ட்டை இந்தப் பக்கம் நானும், அந்தப் பக்கம் அவளும் தயார் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போயாக வேண்டும். இவ்வளவு வேகத்தில் ஒளி ஓடும்போது நடுவில் ஒன்றிரண்டு எழுத்து கலங்கிப்போகும். அதற்காக அனுப்புகிறவர் கூடவே கொஞ்சம் உபரிக் குறிப்பும் சேர்த்து அனுப்புவார். வாங்குகிறவர் அதை வைத்துக் கலங்கினதைத் தானே திருத்திக்கொள்வார். இந்தப் பிழைதிருத்தத்தில் வகைகள் உண்டு. ஆர்.எஸ் என்று ஒன்று, நன்றாகத் திருத்தும், ஆனால் ஒரு துளி தாமதம். ஃபயர்கோடு என்று இன்னொன்று, சுருக்காக வேலை பார்க்கும், ஆனால் அவ்வளவு பலம் கிடையாது. எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் இரண்டு முனையிலும் ஒரே வகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்ட்டின் பச்சை விளக்கே எரியாது.

"பேசி முடிவு பண்ணிக்கோங்க," என்றார் பொறுமை சார். பேசுவதா? நாங்களா? நான் ஆர்.எஸ் என்று சொல்லியனுப்பினேன். அவள் ஃபயர்கோடு என்று சொல்லியனுப்பினாள். ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு ஹாலில் உட்கார்ந்தோம். விளக்கு எரியவில்லை.

டீ வேளை வந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் போகவில்லை. மனசு என்னவோ செய்தது. இன்றைக்குச் சாயந்திரம் அவள் பதில் சொல்லப்போகிறாள், இந்த நேரத்தில் ஒரு போர்ட்டுக்காக முறைத்துக்கொண்டு நிற்க வேண்டுமா? ஃபயர்கோடு என்றால் ஃபயர்கோடு, குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் விட்டுக்கொடுப்பதை நாலு பேர் பார்க்கிற மாதிரி விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஹாலில் மின்விசிறிகளின் இரைச்சலைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. என் முனையை ஃபயர்கோடுக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

விளக்கு எரியவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒளி வருகிறதா என்று பார்த்தேன், நன்றாக வருகிறது. அப்படியானால் கேபிளில் கோளாறு இல்லை. எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்று ஏறியது. நான் இறங்கி வருவேன் என்று ஊகித்து வேண்டுமென்றே மாற்றியிருக்கிறாள். அட கடங்காரி, இவ்வளவு வீம்பா?

சாப்பாட்டு வேளையில், எல்லோரும் போன பிறகு, திரும்ப ஆர்.எஸ்ஸுக்கே மாற்றினேன். விட்டுக்கொடுத்ததற்கு மதிப்பில்லாத இடத்தில் எதற்கு விட்டுக்கொடுப்பது? விளக்கு எரியவில்லை. எரியாமல் போகட்டும் என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை.

பிற்பகலில் மறுபடியும் மனசு கேட்கவில்லை. சீ, என்ன ஜென்மம் நான் என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. அவள் வீம்பு பிடிக்கட்டும், பெரியவள் நான்தானே இறங்கி வர வேண்டும்? திரும்பவும் ஃபயர்கோடு. அதோடு நிற்கவில்லை. எல்லாச் சண்டைக்கும் மூலமான அந்தத் தலைமையையும் விட்டுத் தொலைப்போம் என்று, என் பெட்டியின் எண்ணை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றிவைத்தேன். இந்தாடி, நீயே தலைவியாக இரு. சொல்லத்தான் வாய் வரவில்லை, செய்தாவது காட்டுகிறேன் என்று நினைத்தேன்.

அப்போதும் அந்தப் பாழாய்ப்போன விளக்கு எரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கடையிலிருந்து போன் செய்தார்.

"ஏம்மா, நீ ஏன் இப்படிப் பிடிவாதமா இருக்க?" என்றார்.

"நானா? நானா பிடிவாதம்?"

"அவ இப்பதான் போன் பண்ணி அழுதா. நீ சொன்ன மருந்தையேதான் அவ கொடுக்கறாளாம். டீ நேரத்துல கொடுத்தாளாம், இப்பவும் கொடுத்தாளாம். அப்பவும் குணமாகலையாம். நீ வேணும்னே மருந்தை மாத்தறியாம். எனக்கு ஒண்ணும் புரியலை, ஆனா பாவமா இருக்கு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா, அதனால நான் சொன்னேன்னு சொல்லாத."

நான் போனை வைத்தேன். பிறகு மேசைப் போனை எடுத்து இரண்டாவது ஹாலைக் கூப்பிட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நேராகப் பேசுகிறேன், அதனால் வணக்கம்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

"எதுல வச்சிருக்க?"

"ஆர்.எஸ்," என்றாள். மூக்கடைத்த குரல். "நீங்க கேட்டதுதானே?"

"நான் ஃபயர்கோடுல இருக்கேன்டி."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"டீ டைம்ல?" என்றாள் மெதுவாக.

"ஃபயர்கோடுக்கு மாறினேன்."

"நான் ஆர்.எஸ்ஸுக்கு மாறினேன். சாப்பாட்டு டைம்ல?"

"கோபத்துல திரும்பிட்டேன்."

"நானும்தான்." மூக்கை உறிஞ்சினாள். "சரி, விடுங்க. நானே மாறிக்கறேன்."

"இல்ல, இல்ல, நான் மாறிக்கறேன்."

இரண்டு பக்கமும் கீபோர்டு படபடவென்று ஓசையிட்டது. நான் போர்ட்டைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

"மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன். நீ?"

"நானும் மாத்திட்டேன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. நான் வாயைப் பொத்திக்கொண்டு மேசை மேல் கவிழ்ந்துவிட்டேன். போனில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணி, நீ ஒரு லூசு," என்றாள். அந்த 'நீ' காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"இங்க பாரு," என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கீபோர்டுலேருந்து கையை எடு. எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"இப்ப எதுல இருக்க?"

"ஃபயர்கோடு."

"அதுலயே நில்லு. யார் சொன்னாலும் மாறாத. நானே வந்து கெஞ்சினாலும் மாறாத. நான் வர்றேன்."

மாற்றினேன். விளக்கு பச்சையாக எரிந்தது. அங்கேயும் எரிந்திருக்க வேண்டும், போனில் ஒரு சின்ன விசில் கேட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் கதை சுபம். ஆனால் எங்கள் ராசிக்கு அப்படியெல்லாம் முடியாது. விளக்கு எரிந்த சூட்டோடு பொறுமை சார் என் ஹாலின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பொறுமையாத்தான் கேக்கறேன். கொஞ்ச நேரமா ஆபீஸ்ல எல்லாம் இழு இழுன்னு இழுக்குது. போன்ல பேச்சு விட்டு விட்டு வருது. புது லிங்க் போட்டா வேகமாகும்னுதானே சொன்னீங்க?"

பார்த்தேன். புது லிங்க் பச்சையாக எரிகிறது, ஆனால் அதில் ஒரு செய்திகூட ஓடவில்லை. தாழ்ப்பாள். பழைய லிங்க்குக்கும் தாழ்ப்பாள். இரண்டு ஹாலுக்கும் நடுவே இருக்கிற மொத்தப் போக்குவரத்தும் ஏதோ மூன்றாவது வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் தலைவர் யார்? என் பெட்டி இல்லை, நான்தான் விட்டுவிட்டேனே. அவள் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். அவள் பெட்டியின் முகவரியும் இல்லை. நான் பார்த்தே இராத ஒரு முகவரி.

"ஏய், உன் எண்ணை என்ன பண்ணின?" என்று போனில் கேட்டேன்.

"மேல ஏத்திட்டேன். நீயே இருன்னு விட்டுட்டேன். எதுக்கு?"

"எவ்வளவு மேல?"

"எவ்வளவு போகுமோ அவ்வளவு."

தலையில் அடித்துக்கொண்டேன். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்ததில், எண்ணை யாருமே தொடாததால் எங்களுடையதைவிடக் குறைந்த எண்ணோடு எங்கேயோ சிவனே என்று கிடந்த ஏதோ ஒரு பெட்டி இந்த நிறுவனத்துக்கே தலைமை ஏற்றுவிட்டது.

அது எந்தப் போர்ட் வழியாக வருகிறது என்று பார்த்து, அந்தக் கேபிளின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். வரவேற்பறை. பொறுமை சாரை அப்படியே விட்டுவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன். வரவேற்பறை அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக அவர் மேசைக்கடியில் குனிந்து நுழைந்தேன். மறுபக்கத்திலிருந்து அவளும் அதே வேகத்தில் நுழைந்தாள். நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டன.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பார்த்தால், எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தார் தலைவர். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். நாங்கள் சேருவதற்கு முன்பே யாரோ வைத்தது, கட்டடத்திலேயே கிழம். வரவேற்பறைப் போன் எப்போதும் சாகக் கூடாது என்று ஒரு ஹாலுக்கு ஒரு கேபிள் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் இப்போது இரண்டு ஹாலும் பேசிக்கொண்டிருந்தன. மேலே ஒரு விரல் தூசி. அதற்கும் மேலே அக்காவின் வலது கால்.

"அக்கா, காலைக் கொஞ்சம் எடுங்க," என்றேன்.

"ஏம்மா, சூடா இருந்துச்சு, குளிருக்கு இதமா வச்சிருந்தேன். என்னது அது?"

"இப்போதைக்கு இந்தக் கம்பெனியோட தலைவர் இவர்தான்," என்றாள் நாத்தனார். அக்கா காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். "யாரைத் தலைவராப் போட?" என்று கேட்டாள்.

"உன்னோடதுதான் புதுசு. நீயே போடு. நான் ஒண்ணும் விட்டுக்கொடுக்கலை, அதுதான் சரி."

தட்டினாள். மேசை மேல் அக்காவின் போனில் அதுவரை கரகரத்துக்கொண்டிருந்த குரல் திடீரென்று தெளிவாக வந்தது. சின்னவருக்குப் பதவி போய்விட்டது. நான் அப்பாடா என்று மேசைக் காலில் சாய்ந்தேன்.

"பூஜ்யம் போட்டிருக்கேன்," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "நான் போனதுக்கப்புறம் இந்தப் பாஸ்வேர்டும் உங்ககிட்டதான் வரும். மாத்தணும்னா அப்ப மாத்திக்கோங்க."

'நீங்க' திரும்ப வந்துவிட்டது.

"எங்க போனதுக்கப்புறம்?" என்றேன். தெரியாமலா கேட்டேன்?

"புது சென்டருக்கு. காலைலயே சார்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"எதுக்குச் சொன்ன?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க? இன்னைக்கு எல்லாத்துலயும் உங்களுக்கு விட்டுக்கொடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வீட்டுலேருந்து கிளம்பினேன். நடுவுல ஃபயர்கோடுல வீம்பு வந்துடுச்சு, ஆனா முதல்ல இதைத்தான் கொடுத்தேன்."

காலையிலிருந்து நான் ஃபயர்கோடா ஆர்.எஸ்ஸா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் போய்விட்டவளாகவே அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள்.

பொறுமை சார் படியிறங்கி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நான் மேசைக்கடியிலிருந்து எழுந்து நேராக அவரிடம் போனேன்.

"சார், இவ புது சென்டருக்குப் போகலை."

"போறேன்னு சொன்னாங்களேம்மா."

"தலைமை ஆபீசுக்கு எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல, கிளம்பறதுக்கு முன்னாடி எழுதணும். எனக்கு யார் போனாலும் ஒண்ணுதான். ஸ்டோரேஜ் டீம்ல ஒருத்தர் அங்க போகணும்னு என் உயிரை வாங்கறார். நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்டடத்துல இருந்தா ஒருநாள் கட்டடத்தையே கவுத்துடுவீங்கன்னுதான் இவங்களைக் கேட்டேன். ஆனா வேணாம்னு அவங்க வாயால சொல்லணும். நீங்க சொல்லி நான் எழுத முடியாது."

திரும்பி அவளைப் பார்த்தேன். லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். முழங்காலில் ஒட்டின தூசியைத் தட்டினாள்.

"நான் எதுக்குச் சொல்லணும் சார்? போகச் சொன்னவங்க சொல்லட்டும்," என்றாள். "அவங்க சொன்னா யோசிக்கறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொறுமை சார், அக்கா, பார்சலுக்குக் கையெழுத்து வாங்க வந்து நின்றிருந்த ஆள், சோபாவில் யாருக்காகவோ காத்திருந்த இரண்டு பேர். விட்டுக்கொடுப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று டீ வேளைக்காகக் காத்திருந்தவள் நான். இங்கே சினிமா பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டுக்குப் போனால் சொல்ல மாட்டேன், அவர் மூலமாகச் சொல்லியனுப்புவேன், என்னை எனக்குத் தெரியாதா? அதற்குள் பொறுமை சார் எழுதியும் அனுப்பிவிடுவார்.

"இரு," என்றேன்.

"யாரைச் சொல்றீங்க?"

"உன்னைத்தான்டி."

"எதுக்கு இருக்கணும்?"

கடங்காரி, விடவே மாட்டாள். "நீ போயிட்டா எனக்கு ஆள் இல்லடி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "உங்க அண்ணன் நல்லவர்தான், ஆனா அவர்கிட்ட எதைப் பேசினாலும் சரின்னு சொல்லிட்டுப் படுத்துடறார். உன் ரூம்ல லைட் எரியலன்னா அந்த வீட்டுக்குள்ள நான் எப்படி வருவேன்? போன்னு சொன்னது என் கோபம். இருன்னு கேக்கறது நான்."

அக்கா மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அதிலிருந்து முதலில் எடுத்தது என் நாத்தனார்தான். மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"சார், நான் போகலை. அவரையே அனுப்பிடுங்க," என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "அண்ணி, இன்னொரு தடவை."

"என்ன இன்னொரு தடவை?"

"அன்னைக்குப் போன்னு சொன்னது ஆபீஸ் முழுக்கக் கேட்டுச்சு. இருன்னு சொல்றது மட்டும் எனக்கே சரியா கேக்கலையே."

சோபாவில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, இருடி என்றேன்.